துலாக் கல்லும் கிராங்க் தண்டும்

என்னோடு சேர்ந்து நரைத்தவர்களே, மாலை வேளையில் கோயில் மதிலோரம் நாம் கூடி அமரும்போதெல்லாம் உங்களில் யாரேனும் ஒருவர் என்னிடம் கேட்டுவிடுகிறார்: இத்தனை பதிகங்களையும் எந்த ஓதுவாரிடம் பாடம் கேட்டாய் என்று. நான் சிரித்து மழுப்பிவிடுவது வழக்கம். உண்மையைச் சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ என்ற தயக்கம்தான் காரணம். நான் பாடம் கேட்டது, டீசல் வாடையும் இரும்புத் தூளும் நிறைந்த ஒரு தகரக் கொட்டகையில். எனக்குச் சுருதி கூட்டியது ஒரு துளைபோடும் இயந்திரம்.

கும்மிடிப்பூண்டியில் கல்கத்தா சாலையை ஒட்டி என் தந்தைக்கு ஒரு பட்டறை இருந்தது. ஆந்திர எல்லைப் பக்கத்து வழக்கப்படி அவரை நாங்கள் நைனா என்றே அழைத்தோம். தொழிற்பேட்டைக்கு நிலம் அளப்பவர்கள் முட்புதர்களுக்குள் சங்கிலியை இழுத்துக்கொண்டு நடந்த காலம் அது. ஆலைகள் ஏதும் எழும்பியிருக்கவில்லை. வயற்கிணறுகளின் டீசல் இன்ஜின்கள்தாம் பட்டறைக்குச் சோறு போட்டன. நைனா வேலை செய்கையில் பாடுவார். சிறிய துளைக்குச் சிறிய பாட்டு. ஆழமான துளைக்கு நீண்ட பதிகம். பாட்டு முடிவதற்குள் துளை முடிந்துவிட்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கை எண்ணெயைக்கூடத் துடைக்காமல், நின்றபடியே மீதியைப் பாடி நிறைவு செய்வார். இறைவனைப் பற்றிய சொல்லைப் பாதியில் விடுவது அவருக்கு அபசாரம்.

என் தாய்மாமன் அவருக்குப் பட்டறையில் கூட்டாளி. "சாமி வந்து உங்க பாட்டுக்குக் காத்துகினு நிக்கும் மாமா. டிராக்டர்காரன் நிப்பானா?" என்று அவர் கேலி செய்வார். நைனா பாடிக்கொண்டே கையால் பொறு என்பார்.

நான் சொல்ல வந்த கோடையில் அத்தையின் இன்ஜின் நின்றுபோயிற்று.

அத்தை நைனாவின் ஒரே தங்கை. இளவயதிலேயே கணவரை இழந்தவள், பிள்ளை இல்லை. எளாவூர் போகும் வழியில் கணவர் விட்டுப்போன சிறிது நிலமும், ஒரு கிணறும், நிலத்தின் தலைமாட்டில் ஓர் ஓட்டு வீடும் அவளுக்கு இருந்தன. அந்த ஆண்டு சொர்ணவாரி என்னும் கோடைப் பட்டத்தில் நெல் நட்டிருந்தாள். பயிர் தூர் கட்டும் நேரத்தில் இன்ஜினின் கிராங்க் முறிந்தது. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடும் ஓட்டத்தை ராடு என்னும் இணைப்புக் கம்பி வழியே வாங்கிச் சுழற்சியாக மாற்றித் தருகிற, நடுவில் வளைந்த இரும்புத் தண்டுதான் கிராங்க். அது இல்லாத இன்ஜின் வெறும் இரும்புப் பெட்டி.

அத்தையின் கொழுந்தனார் பக்கத்து நிலத்துக்காரர். பொல்லாதவர் என்று சொல்லமாட்டேன். தம் மாடுகளைக் கொண்டுவந்து கிணற்றில் கவலையேற்றம் பூட்டி, பயிர் அடியோடு சாகாத அளவுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் ஒற்றைப் பெண்ணால் வெள்ளாமை ஆகாது என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

"அண்ணி, நான் ஒண்ணும் புடுங்கிக்கினு போவல. இந்தப் பயிரு காய்ஞ்சிச்சின்னா நிலத்த என்கிட்ட உட்டுடு. வருசா வருசம் உனுக்குத் தின்ன நெல்லு வந்துரும். ஒண்டியா இன்னா பண்ணுவே?" என்றார்.

"பயிரு இன்னும் காயல கொழுந்தனாரே. அதுக்குள்ள நீங்க ஏன் கோணிய உதறிகினு நிக்கிறீங்க?" என்றாள் அத்தை.

வாய் அப்படிப் பேசினாலும், அவள் எங்கள் வீட்டுக்கு வந்து நைனாவின் முன் அமர்ந்தபோது கண்கள் சிவந்திருந்தன. கொழுந்தனார் விதித்த நிபந்தனைக்குப் பங்காளிகள் எல்லோரும் தலையாட்டிவிட்டார்களாம். இந்தப் போகம் கைவிட்டால் நிலம் கைவிடும்.

"எதுக்கு அங்க ஒண்டியா கெடந்து பேஜாராவணும்? நிலத்த உட்டுட்டு நம்ம ஊட்டுக்கு வந்துரு," என்றார் நைனா. இரங்கிச் சொன்ன சொல்தான்.

முறத்தில் அரிசியைக் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "இங்க வரக்கூடாது," என்றாள்.

"இன்னாமே சொல்ற?"

"அவளுக்கு எடம் அங்க கீது. இங்க இல்ல."

"அக்கா, கொஞ்சம் மெதுவாச் சொல்லேன்," என்றார் மாமா.

"மெதுவாச் சொன்னா உங்க மாமாவுக்குக் காதுல ஏறாது."

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் வீட்டுக் காற்றே அன்று புளித்துப்போயிற்று. அம்மாவைப் பற்றி உறவினர் என்ன பேசுவார்களோ அதைத்தான், பாவாடை கட்டிய சிறுமியாகிய நானும் அப்போது நினைத்தேன்.

*

புதிய கிராங்க் அந்த ரகத்துக்கு உடனே கிடைக்கவில்லை. பட்டணத்துப் பழைய இரும்புக் கடைகளில் தேடுவதென்று நைனா கிளம்பினார். "நீயும் போ. எவன் பேசினாலும் தலையாட்டுவாரு. ஆட்டினா சட்டையப் புடிச்சி இழு," என்று சொல்லி அம்மா என்னையும் ரயிலேற்றினாள்.

கடைக்கார பாய் இரண்டு தண்டுகளை எடுத்துப் போட்டார். ஒன்று பளபளத்தது, மற்றொன்று கருவாட்டு நிறத்தில் துருவேறிக் கிடந்தது.

"இத எட்து போ நைனா. கண்ணாடி மாதிரி கீது. மூஞ்சி பாத்துத் தல சீவிக்கலாம்," என்றார் பாய்.

நைனாவின் தலை அசையத் தொடங்கியது. நான் சட்டையை இழுத்தேன். அவர் சிரித்துவிட்டு, இரண்டு தண்டுகளையும் கயிற்றில் தொங்கவிடச் சொன்னார். சிறு சுத்தியால் பளபளப்பானதைத் தட்டினார். ஈரத்துணியைத் தட்டினாற்போல ஒலி அங்கேயே மடிந்தது. துருப்பிடித்ததைத் தட்டினார். அடித்து ஓய்ந்த பிறகும் பிராகாரத்தில் தங்கி நிற்குமே ஆலயமணியின் நாதம், அதுபோல அது நின்று, மெலிந்து, எப்போது முடிந்ததென்று தெரியாமல் முடிந்தது. நைனா கண்களை மூடிக்கொண்டார்.

பிறகு பளபளப்பானதன்மேல் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்கட்டித் தூளைப் பூசி வெயிலில் வைத்தார். நாங்கள் டீ குடித்துத் திரும்புவதற்குள் வெள்ளைப் பூச்சின்மேல், வளைவின் மூலையில், மயிரிழைபோல் ஒரு கருங்கோடு ஊறியிருந்தது. உள்ளே விரிசல், அதற்குள் ஒளிந்திருந்த எண்ணெய் வெளியே வந்து காட்டிக்கொடுத்துவிட்டது.

பாய் முகம் சுண்டிவிட்டது. "சத்தியமா எனுக்குத் தெரியாது நைனா. இத இனிமே யாரு தலையிலயும் கட்ட மாட்டேன்," என்றவர், ஆளைக் கூப்பிட்டு அதை உருக்கப்போகிற உடைசல் குவியலில் எறியச் சொன்னார். எறிந்த சத்தம் காதில் விழுந்த பிறகுதான் எங்களுக்கு விடைகொடுத்தார். அந்த மனிதரை இன்றைக்கும் என் வழிபாட்டில் நினைக்கிறேன்.

*

துருவை நீக்கியதும் அந்தத் தண்டு கோயில் தூண்போல் அழகாயிருந்தது. வளைவுக்கு நேர் எதிர்ப்புறம், கன்னம் புடைத்தாற்போல் இரண்டு இரும்புக் கட்டிகள். நைனா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டறையில் அவருடைய பெருமைக்குரிய பொருள் ஒன்று உண்டு. மரச்சட்டத்தில் பொருத்திய இரண்டு எஃகுப் பட்டைகள். அவற்றின் மேல்விளிம்பு கத்திபோல் மெல்லியது. ரசமட்டத்தை வைத்து, அதனுள்ளே இருக்கும் குமிழி நட்டநடுவில் நிற்கும்வரை பட்டைகளைச் சமன்படுத்துவார். அவற்றின்மேல் ஒரு சக்கரத்தையோ தண்டையோ படுக்கவைத்தால் கனமான பக்கம் தானே உருண்டு கீழே வந்து நிற்கும். அங்கே சாக்கட்டியால் குறியிட்டுச் சிறிது துளைத்து எடுப்பார். எங்கே விட்டாலும் அங்கேயே நின்றால் அது சமன். பம்புச் சக்கரங்களையும் மாவு மில்லின் கப்பிகளையும் ஆண்டாண்டாக அப்படித்தான் நிறுத்தியிருந்தார். ஒன்றும் பழுது சொல்லித் திரும்பி வந்ததில்லை.

கிராங்கை அவர் அதுவரை அப்படி நிறுத்தியதில்லை. புதிதாக வந்ததை அப்படியே பொருத்திவிடுவார். இது பழையது என்பதால் சோதிக்க நினைத்தார். காற்று புகாமல் ஜன்னல்களில் சாக்கை மாட்டினார். "மூச்ச மெதுவா உடு," என்று என்னிடம் சொன்னார். தண்டைப் பட்டைகளின்மேல் வைத்து விரலை எடுத்ததும் அது தயங்காமல் உருண்டு, புடைத்த கட்டிகள் கீழே வர நின்றது. திருப்பி வைத்தார். மீண்டும் அதே.

"பாரு, ஒரே பக்கமா சாயுது," என்றார்.

"கம்பெனிக்காரன் இன்னா, வேல இல்லாமயா இவ்ளோ கனத்த அங்க வெச்சான்?" என்று மாமா கேட்டார்.

"பழசு மச்சான். எவனோ எதுக்கோ மாத்தியிருப்பான். சாயுறத வெச்சிகினு எப்படிச் சுத்தறது?"

பெரிய பதிகம் ஒன்றை எடுத்தார். துளைபோடும் இயந்திரம் உறுமியது. கட்டியிலிருந்து இரும்புச் சுருள்கள் நீலம்பாய்ந்து உதிர்ந்தன. துளைப்பதும் பட்டையில் வைத்துப் பார்ப்பதுமாக, பதிகம் பலமுறை முதலடிக்குத் திரும்பியது. அந்தி சாயும் முன் அது நடந்தது. எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் தண்டு அசையாமல் நின்றது. வளைவு மேலே இருந்தாலும் நின்றது. கீழே இருந்தாலும் நின்றது. விருப்பும் வெறுப்பும் அற்ற ஞானியைப் பார்ப்பதுபோல் நைனா அதைப் பார்த்தார். கற்பூரம் காட்டினார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

*

அத்தையின் கிணற்றடியில் இன்ஜினைப் பூட்டி முடித்தபோது கொழுந்தனாரும் பங்காளிகளும் வந்து வேப்பமர நிழலில் நின்றார்கள். பயிரின் நுனி மஞ்சளித்திருந்தது. மண்ணில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அத்தை புதுப்புடவை கட்டி, தேங்காயும் சூடமும் வைத்திருந்தாள்.

மாமா கைப்பிடியைச் சுழற்றினார். இன்ஜின் உயிர்கொண்டது. இரண்டு மூன்று மூச்சுக்கு எல்லாம் நலமாகத் தோன்றியது. வேகம் ஏற ஏற அது துள்ளத் தொடங்கிற்று. அடிமேடை அதிர்ந்தது. தட்டிலிருந்த தேங்காய் உருண்டு வாய்க்காலில் விழுந்தது. டீசல் டின் தானாக நடந்து சுவரோரம் போனது. மேடையைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் ஒன்று தெறித்தது.

"அண்ணே, தண்ணி எறைக்காது போலக் கீது. அதுவே வயலுக்கு எறங்கி நடக்கப் போவுது!" என்று அத்தை கத்தினாள். பயத்திலும் அவளுக்கு அப்படித்தான் பேச வரும்.

மாமா பாய்ந்து நிறுத்தினார். சிமெண்டு மேடையில் கீறல் விழுந்திருந்தது.

"இன்ஜினுக்குச் சாமி வந்துருச்சா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்க, சிலர் சிரித்தார்கள். கொழுந்தனார் சிரிக்கவில்லை. "அமாவாச வரைக்கும் மாட்ட ஓட்டித் தரேன் அண்ணி. அதுக்கப்புறம் என் பயிர நான் பாக்கணும் இல்ல?" என்று மட்டும் சொன்னார். அமாவாசை வெகுதூரத்தில் இல்லை.

தண்டை மீண்டும் கழற்றி வண்டியிலேற்றிக் கொண்டுவந்தோம். நைனா வழி முழுதும் பாடவில்லை. வீட்டுக்கு வந்தும் உண்ணவில்லை. பட்டையில் வைத்துப் பார்த்தார். தண்டு முன்போலவே அசையாமல் நின்றது. அதுதான் அவரை உடைத்தது. "சாய்வே இல்லியே! பொறவு ஏன் ஆடுது?" என்று தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார். கடைசியில், கூடவே வந்திருந்த அத்தையிடம், "போதும்மா. நீ இங்கியே வந்துரு," என்றார்.

"நான் இந்த ஊட்டுல இருக்கிற வரைக்கும் அவ இங்க குடி வரக்கூடாது," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அத்தையின் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். சொன்ன சொல்தான் எல்லோர் நெஞ்சிலும் தங்கியது. ஊற்றிய குழம்பை யாரும் கவனிக்கவில்லை.

*

மறுநாள் காலையில் நைனா பல்குச்சியோடு கொல்லையில் நின்றிருந்தார். எங்கள் கிணற்றில் துலா உண்டு. கவைமரத்தின்மேல் நீளமான ஒரு கழி; அதன் ஒரு முனையில் கயிறும் வாளியும், மறுமுனையில் கட்டிய பெரிய கல். யாரும் இறைக்காத நேரத்தில் கல்லிருக்கும் முனை தரையில் படிந்து, வாளி முனை வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிறந்த நாளிலிருந்து நாங்கள் பார்த்து வளர்ந்த காட்சி.

அம்மா வந்து கயிற்றைப் பற்றி, உடல்கனத்தையெல்லாம் கொடுத்துக் காலி வாளியைக் கீழே இறக்கினாள். நிறைந்த வாளி மேலே வரும்போது அவள் கை கயிற்றைத் தொட்டுக்கொண்டு மட்டுமே இருந்தது.

"திரும்ப எற," என்றார் நைனா.

"இன்னா வெளாட்டு இது? அண்டா ரொம்பிப் போச்சு."

"ஒரு தடவ எற. காலி வாளி எறங்கறப்போ கஷ்டமா கீதா?"

"கல்லு கட்டியிருந்தா கஷ்டமா இல்லாம? அது கஷ்டப்படுத்தினாத்தானே ரொம்பின வாளி லேசா வரும்?" அம்மா அண்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நைனா வாயிலிருந்த பல்குச்சியை எடுக்க மறந்தவராய்த் தரையில் படிந்திருந்த கல்லைப் பார்த்தபடி நின்றார். பிறகு பட்டறையை நோக்கி ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"மச்சான், தப்பு பண்ணிட்டேன்! அது தனியா நிக்கறதுக்குச் செஞ்சது இல்ல. பிஸ்டனையும் ராடையும் சொமக்கறதுக்குச் செஞ்சது. சொமையே இல்லாத நேரத்துல அதப் பாத்துட்டு, சாயுது சாயுதுன்னு கனத்தச் சொரண்டிட்டேன்."

"நான் அப்பவே கேட்டேன்," என்றார் மாமா.

"கேட்ட. அடிச்சிக் கேட்டிருக்கணும்."

துளைத்தெடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். துளைகளில் ஈயத்தைக் காய்ச்சி வார்ப்பதென்று முடிவாயிற்று. ஈயம் இரும்பினும் கனம். இன்ஜின் வேலைக்காகப் பட்டறைக்கு வந்துபோகும் பழவேற்காட்டு மீனவர் ஒருவர், பழைய வலைகளிலிருந்து அறுத்த ஈயக்குண்டுகளை ஒரு கூடை நிறையக் கொண்டுவந்து கொட்டினார். அவற்றில் உப்பும் பாசியும் ஒட்டியிருந்தன. இரும்புக் கரண்டியில் அவை உருகியபோது பட்டறை முழுதும் ஏரியின் வாடை எழுந்தது. வெள்ளிபோல் உருகியதை நைனா துளைகளில் வார்த்து, ஆறியதும் திருகாணி இட்டு இறுக்கினார்.

இம்முறை தண்டைத் தனியாக நிறுத்தவில்லை. பிஸ்டனும் ராடும் தண்டின்மேல் ஏற்றும் பாரத்துக்கு ஈடாக ஒரு துணிப்பையில் மணலை நிறைத்தார். ராடின் கீழ்ப்பாகத்தின் எடை முழுதும், மேலும் கீழும் ஓடும் பாகத்தின் எடையில் பாதியும். இறங்கும்போது பாதிக் கஷ்டம், ஏறும்போது பாதிக் கஷ்டம். துலா கற்பித்த கணக்கு அது. அந்தப் பையை வளைவில் கட்டித் தொங்கவிட்டுப் பட்டையில் வைத்தார். தண்டு அசையாமல் நின்றது. பையை அவிழ்த்தார். தண்டு மெல்ல உருண்டு, கனத்த பக்கத்தைக் கீழே கொண்டுவந்தது.

"சாயட்டும்," என்றார் நைனா. அன்று அவர் பாடிய பதிகம் இன்னும் என் செவியில் இருக்கிறது.

அமாவாசைக்கு முன்பே இன்ஜினைப் பூட்டினோம். அத்தை இம்முறை புதுப்புடவை கட்டவில்லை. பித்தளை டம்ளரில் தண்ணீரை நிறைத்து இன்ஜினின் மேடைமேல் வைத்துவிட்டு நெஞ்சில் கைவைத்து நின்றாள். இன்ஜின் முழுவேகத்தில் ஓடியபோது டம்ளரின் நீர் வட்டவட்டமாய் நடுங்கியது, சிந்தவில்லை. குழாயிலிருந்து பீறிட்ட தண்ணீர் வெடிப்புகளுக்குள் புகும் சத்தம், தாகித்தவன் மடக்மடக்கென்று குடிக்கும் சத்தம்.

கொழுந்தனார் வரப்பில் குந்தி, ஓடும் தண்ணீரில் கையை நனைத்தார். "மாட்ட அவுத்துக்கினு போறேன் அண்ணி," என்றார்.

"இருங்க. நாஷ்டா துன்னுட்டுப் போங்க," என்றாள் அத்தை.

*

அந்த நிலம் அத்தையிடமே இருந்தது. பிறகு மின்சாரம் வந்தது, மோட்டார் வந்தது, சுற்றிலும் ஆலைப் புகைபோக்கிகள் வந்தன. இன்ஜினைப் பழைய இரும்புக்குக் கொடுத்தபோதும் அந்தத் தண்டை மட்டும் அவள் கொடுக்கவில்லை. வேப்பமரத்தடியில் கிடந்தது.

பல ஆண்டுகள் கழித்து அம்மா இறைவனடி சேர்ந்தாள். அதன் பிறகு நைனா நிலைகொள்ளவில்லை. கேட்டவர்க்கெல்லாம் பட்டறைச் சாமான்களை எடுத்துக் கொடுத்தார். ரசமட்டமும் எஃகுப் பட்டைகளும் எந்தக் கைக்குப் போயின என்று அவருக்கே தெரியாது. பதிகத்தைத் தொடங்குவார், நடுவில் நிறுத்திவிட்டு அடுக்களை வாசலைப் பார்ப்பார்.

கருமாதியன்று பெண்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். "நல்ல பொம்பளதான். ஆனா நெஞ்சு கல்லு. புருசன் கூடப் பொறந்தவளையே ஊட்டுல சேக்கல," என்றாள் ஒருத்தி.

பரிமாறிக்கொண்டிருந்த அத்தை நின்றாள். "ஆமா, சேக்கல. அண்ணி அன்னிக்கு வான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் மூட்டையக் கட்டிகினு வந்திருப்பேன். எனக்கு அவ்ளோ பயம். வந்திருந்தா, நிலத்தையும் உட்டுட்டு, இன்னிக்கு உங்களோட ஒரு மூலையில குந்திகினு இதையே பேசிகினு இருந்திருப்பேன்."

 அவள் கரண்டியை வைத்துவிட்டு நைனாவின் எதிரே போய் அமர்ந்தாள்.

"எழுந்துரு ண்ணா. நம்ம ஊட்டுக்குப் போலாம்."

நைனா பழக்கத்தால் அடுக்களைப் பக்கம் திரும்பினார். வரக்கூடாது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

"அவ இருந்தா இன்னா சொல்லியிருப்பா?" என்று கேட்டார்.

"போங்கன்னு சொல்லியிருக்கும். நீ வந்து தங்கறதுக்கு எனக்குன்னு ஒரு ஊடு இருக்குதே ண்ணா, அது யாரால?"

நைனா வெகுநேரம் அவள் கையைப் பற்றிக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார். அன்று மாலை நானும் உடன் போனேன். வேப்பமரத்தடியில் தண்டைக் கண்டதும் குனிந்து, வளைவைப் பிடித்து மேலிருந்து கீழாகத் திருப்பிவிட்டார். அது ஒரு கணம் அப்படியே இருந்தது. பின் மெல்லப் புரண்டு, ஈயம் வார்த்த பக்கத்தை மண்ணில் பதித்துக்கொண்டது. அதன் அருகில் அமர்ந்து நைனா ஒரு பதிகத்தை எடுத்தார். நீண்ட பதிகம். கடைசி அடிவரை பாடினார்.